பேரனுக்கு அனுப்பிய சைக்கிள்

கனடாவில் இருக்கும் என் மகளுக்கு ஒரே பையன். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அவனை நான் நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு முறை விண்ணப்பித்தும் எனக்கு விசா கிடைக்கவில்லை. இந்தப் பிறந்தநாளுக்காவது நானே ஒரு சைக்கிள் வாங்கித் தர வேண்டும் என்று, அந்த ஊர்க் கடையொன்றின் இணையதளத்தில் என் கார்டு எண்ணைப் போட்டேன். ஏற்கவில்லை. காரைக்குடியில் வங்கிக்குப் போய், வெளிநாட்டிலும் செல்லும்படி மாற்றித் தரச் சொல்லிவிட்டு வந்து மறுபடியும் போட்டேன். அந்த நாட்டுக் கார்டு மட்டும்தான் செல்லும் என்று கடையிலிருந்து பதில் வந்தது.

மகளிடம் சொன்னேன்.

"ஏன் அப்பச்சி இப்படி அலையுறீக? என் கார்டு நம்பரை அனுப்புறேன், அதுல போடுங்க" என்றாள்.

கூசிக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன். அது ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. சிவப்பு நிறத்தை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன்.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று, சைக்கிளை வெளியே எடுத்து வைத்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள். "ஐயா உனக்குச் சைக்கிள் அனுப்பியிருக்காக, பாரு" என்று, தாத்தாவான என்னைத் திரையில் காட்டிப் பேரனிடம் சொன்னாள்.

அவன் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தான். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் விரலை வைத்து மெதுவாகப் படித்தான்.

"இல்ல, அம்மா பேருதான் போட்டிருக்கு" என்றான்.

மகள் பதறிப்போய் விளக்க வந்தாள். அதற்குள் நான், "ஆமாப்பா, அம்மா வாங்குனதுதான்" என்று சொல்லிவிட்டேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரையை விட்டுப் போய்விட்டான்.

அடுத்த பிறந்தநாளுக்கு நான் எதையும் தேடவில்லை.