அவ்வொக்காத்தோவின் நாய்க்கு முயல் பிடிக்கப் பழக்கியது

பலேர்மோவில் வீட்டுவேலைக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு ஒரு விதி இருக்கிறது. வீட்டுக்காரர் "இது தெரியுமா" என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிட வேண்டும். தெரியாவிட்டால் பிறகு பழகிக்கொள்ளலாம். அப்படித்தான் நான் சட்டை மடிக்கப் பழகினேன். கத்தரிக்காயைச் சிசிலிக்காரர் மாதிரிப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கப் பழகினேன். பியானோ துடைக்கத் தெரியும் என்று சொல்லி, அதன் வயிற்றுக்குள் வேக்குவம் குழாயை விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் இந்த விதியால் வந்த ஆக்கினைகளில் பெரியது நாலு காலில் வந்தது.

லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்கிற வீட்டு ஐயா ஓய்வுபெற்ற வழக்கறிஞர். எல்லோருக்கும் அவர் அவ்வொக்காத்தோ. நாற்பது வருடம் கதிரையில் இருந்து சேர்த்த வயிற்றைக் குறைக்க நடக்கச் சொன்னார் வைத்தியர். சும்மா நடப்பது அவருடைய கௌரவத்துக்குப் பொருந்தாது. அதனால் வேட்டைக்காரராகிவிட்டார். முதலில் தொப்பி வந்தது, பிறகு முழங்கால் வரை சப்பாத்து, அதன் பிறகு துவக்கு. கண்ணாடிக்கு முன்னால் ஒரு கிழமை வேட்டையாடிய பிறகு, உங்கள் நாட்டில் வேட்டை உண்டா, உனக்கு நாய் பழக்கத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

ஓம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வன்னிக் காட்டில் நாயை விட்டு எத்தனையோ முயல் பிடித்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். நான் யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன். நான் கண்ட ஒரே முயல் நிலவில் இருப்பது.

அடுத்த கிழமை ஒரு பெட்டிக்குள் நாய்க்குட்டியும் ஒரு கூட்டுக்குள் ஃபுரெத்தோவும் வந்து சேர்ந்தன. ஃபுரெத்தோ என்பது கீரி மாதிரி நீளமான, சின்னப் பிராணி. அதை முயல் வளைக்குள் விட்டால் முயல் பயந்து வெளியே பாயும். பாய்கிற முயலை நாய் மடக்க வேண்டும், அல்லது ஐயா சுட வேண்டும். நாய் இந்தத் தீவுக்கே உரிய சிர்னெக்கோ சாதி. செம்மண் நிறம், ஒட்டிய வயிறு, உடம்புக்குப் பொருந்தாத இரண்டு பெரிய காதுகள். மூன்று மாதப் பெட்டைக்குட்டி. ஐயாவின் பெண்சாதி சிஞ்ஞோரா அதற்கு ஏதோ அரசியின் பெயரை வைத்தார். நான் பெட்டை என்றுதான் கூப்பிட்டேன். அரசியின் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

சிஞ்ஞோராவுக்கு நாய் பிடிக்காது. கம்பளத்தில் இரண்டு தரம் ஈரம் பட்டதும் புருஷனும் பெண்சாதியும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் வேட்டைக்காலம் தொடங்கும்போது நாய் முயல் பிடித்தால் வீட்டில் இருக்கும். பிடிக்காவிட்டால் மலைப்பக்கத்தில் இருக்கிற ஐயாவின் மச்சானுடைய தோட்டத்துக்குப் போகும். எலுமிச்சம்பழம் ஏற்ற அந்தத் தோட்டத்துக்கு நான் ஒருக்கால் போயிருக்கிறேன். அங்கே தகரப் பீப்பாவோடு சங்கிலியில் கட்டிய ஒரு நாய் நின்றது. சங்கிலி தேய்த்துத் தேய்த்துக் கழுத்தில் மயிரே இல்லை. என்னைக் கண்டு குரைக்கக்கூட இல்லை.

அன்று பின்னேரம் பெட்டை என் சப்பாத்தின் மேல் தலையை வைத்து நித்திரையாகிவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் மனதையும் கொடுத்துவிட்டேன். இதை அந்தத் தோட்டத்துக்கு விடமாட்டேன் என்று நினைத்தேன்.

வேட்டைக்காரன் என்று பெயர் எடுத்தாயிற்று, வேலை தெரியாது. யூரியூப்பைத்தான் குருவாகப் பிடித்தேன். முதல் பாடம், நாய் ஃபுரெத்தோவைக் கடிக்கக் கூடாது. இரண்டையும் ஒரு கூரைக்குக் கீழே படுக்கவிட்டு, ஒரே கையால் இறைச்சித் துண்டு கொடுத்தேன். நாய் பிழை விடவில்லை. ஃபுரெத்தோதான் என் பெருவிரலைப் பிடித்துத் தொங்கியது. இரண்டாம் பாடம், வாயில் கவ்வியதைக் குதறாமல் கொண்டுவந்து தர வேண்டும். கபோ சந்தையில் இறைச்சிக்காரனிடம் முயல் தோல் கேட்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை, தமிழர் என்னவோ சமைப்பார்கள் என்று நினைத்திருப்பான். தோலுக்குள் ஐயாவின் பழைய காலுறைகளை அடைத்துத் தைத்தேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, நெற்றியில் திருநீறோடு செத்த முயலைத் தைத்துக்கொண்டு இருந்த என்னைப் பார்த்து மனிசி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"ஊரிலை கோழி உரிக்கிறதெண்டாலே வெளியிலை போய் நிண்ட மனிசன், இஞ்சை வந்து வேட்டைக்காரனாம்."

சத்தத்துக்குப் பயப்படாமல் இருக்கப் பழக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. பலேர்மோவில் எந்தத் தெருவில் எந்தப் புனிதருக்கு வெடி கொளுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெட்டை துவக்குச் சத்தத்தை ஒரு கொட்டாவியோடு கடந்துபோகும் நிலைக்கு வந்தது. வளை வாசலில் சத்தமில்லாமல் நிற்பதற்குத்தான் மாதக்கணக்காயிற்று. ஞாயிறு தோறும் நகரத்துக்கு வெளியே கற்சரிவுகளில் ஏறினோம். நான் வழுக்கி விழுந்த இடங்களை எல்லாம் அது நின்று பார்த்துவிட்டு நடக்கும். கோடை முடிகிறபோது ஒரு நாள், புதருக்குள் இருந்த வளையைத் தானே கண்டுபிடித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, காது இரண்டையும் முன்னால் தள்ளி, அசையாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பிள்ளைகள் பாஸ் பண்ணினபோதுகூட இப்படி இருக்கவில்லை.

வேட்டைக்காலம் திறந்தது. அவ்வொக்காத்தோ தன்னோடு ஒரு புரொபெஸ்ஸோரேயைக் கூட்டிவந்தார். பெரிய இருதய வைத்தியர், உண்மையான வேட்டைக்காரர், பழைய சப்பாத்து, குறைந்த பேச்சு. ஃபுரெத்தோவுக்கு வாய்க்கூடு போட்டு, கழுத்தில் மணி கட்டி வளைக்குள் விட்டேன். மணிச் சத்தம் மண்ணுக்குள் அடங்கியது. பெட்டை ஒற்றைக் காலைத் தூக்கியது. முயல் பாய்ந்தது. ஐயா சுட்டார். ஒரு கல் இறந்தது. தோட்டா சரியில்லை என்றார். அடுத்த முயலுக்கு வெயில் கண்ணில் அடித்தது, அதற்கடுத்ததற்குத் துவக்கின் சமநிலை சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெட்டைக்குக் கூடம் கோணவில்லை. இரண்டு முயலை ஓடிப் பிடித்து, மயிர் கலையாமல் கவ்விக்கொண்டு வந்து, ஐயாவைத் தாண்டி என் காலடியில் வைத்தது. நான்தான் அதை எடுத்து ஐயாவின் கையில் கொடுத்தேன்.

புரொபெஸ்ஸோரே குனிந்து அதன் பல்லைப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார், யார் பழக்கியது என்று கேட்டார். நாங்கள் பழக்கினோம் என்றார் ஐயா. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சங்கிலிக்குத் தப்பிவிட்டது, அது போதும். மலையை விட்டு இறங்கும்போது பாடவேண்டும் போல இருந்தது.

முயல் வேட்டை முடித்த பெரியவர்கள் கணவாய் மீன் தின்னக் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனார்கள். அவர்கள் உள்ளே மேசையில். நானும் நாயும் ஃபுரெத்தோவும் வெளியே கடல் மதிலில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐயா கையை விரித்து விரித்துக் கதைப்பது தெரிந்தது. பிறகு இருவரும் எழும்பிக் கட்டிப்பிடித்தார்கள். ஐயா பல்லைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, நாயின் படுக்கையைப் புரொபெஸ்ஸோரேயின் காரில் வைக்கச் சொன்னார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். ஐயாவின் மகன் வைத்தியம் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் இருக்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் புரொபெஸ்ஸோரேயின் பிரிவில் இருக்கிறது.

"வேலை தெரியாத நாயை இப்படிப்பட்ட மனிதருக்குக் கொடுக்க முடியுமா? உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்," என்றார் ஐயா. முதுகிலும் தட்டினார். வேறொரு குட்டி வாங்குவோம், நீ பழக்குவாய் என்றார். அந்த இரண்டு முயலையும் நீயே கொண்டுபோ என்றார்.

பெட்டை காருக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தது. புரொபெஸ்ஸோரே கூப்பிட்டார், அது அசையவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "ஏறு" என்றேன். ஒரே பாய்ச்சலில் ஏறி உட்கார்ந்தது. அவ்வளவு நல்லாகப் பழக்கியிருந்தேன், மடையன்.

வியாழக்கிழமை ஒரு பெண் ரெலிபோன் எடுத்தார். மன்னார்ப் பிள்ளை, புரொபெஸ்ஸோரே வீட்டில் வேலை. யார் யாரிடமோ கேட்டு என் நம்பரைப் பிடித்திருக்கிறார்.

"அண்ணை, உங்கடை நாய் வந்த நாள் துடக்கம் தண்ணியைத் தவிர ஒண்டும் தொடேல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை தின்னாட்டித் திருப்பி அனுப்பப் போறாராம். நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பத்து மாதம் நாள் தவறாமல் கொடுத்த சாப்பாட்டை நான் யோசிக்க வேண்டுமாம்! சோற்றை மீன் அவித்த தண்ணியில் குழைத்து, கையால் உருட்டிக் கொடுத்தேன். தட்டில் வைத்தால் முகர்ந்தும் பார்க்காது. இதைச் சொல்லாமல் இருந்தால் ஞாயிறு அது திரும்பி வரும். முயல் பிடிக்கத் தெரிந்த நாயை இனி யாரும் பீப்பாவில் கட்ட மாட்டார்கள். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு மூன்று நாள் இருப்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைப் பொத்தினேன்.

வெள்ளி முழுவதும் பொத்தியிருந்தேன். கோயிலுக்குப் போய், அது தின்னக் கூடாது என்று கும்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் கும்பிட்டேன்.

சனி காலை அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினார். பெட்டை கதவோடு ஒட்டிப் படுத்திருந்தது. காது இரண்டும் விழுந்து, விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. நான் உடனே எடுத்துச் சொன்னேன். எந்த மீன், எவ்வளவு உப்பு, எவ்வளவு பெரிய உருண்டை, நிலத்தில் இருந்துதான் ஊட்ட வேண்டும், எல்லாம் சொன்னேன்.

மத்தியானம் வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வந்தது.

"திண்டிட்டுது அண்ணை. கோப்பையையும் நக்கிப்போட்டுது. இப்ப என்ரை காலடியிலைதான் படுத்திருக்குது."

மனிசிக்குப் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தரம் கேட்டாள்.

"இனி அது வராது," என்றாள். "இனி ஆர் உருட்டிக் குடுத்தாலும் தின்னும். அதையும் நீங்கள்தானே பழக்கிக் குடுத்தனீங்கள்."

சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை.