பிள்ளை அழுதாள் என்று சொன்னேன்

பூரணம் இருந்தாள். என் மனைவி. வாசற்படியில், தலை வாராமல்.

பொன்னம்மா மச்சாள் இருந்தா. பூரணத்தின் தமக்கை. எங்கள் வீட்டில் எழுத்து வாசிப்பெல்லாம் அவவின் பொறுப்பு.

காசிம் காக்கா இருந்தார். மூதூருக்குக் கடலால் ஆள் ஏற்றிப் போகும் லோஞ்சில் அவர் என்ஜின், நான் சுக்கான். தான் தந்துவிட்ட தயிர் முட்டி பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வந்தவர்.

நாய் இருந்தது.

நான் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கி, கால்கூடக் கழுவவில்லை.

இவ்வளவு பேருக்கும் முன்னால் நான் பொய் சொன்னேன். பிள்ளை அழுதாள் என்று சொன்னேன்.

பிள்ளை அழவில்லை!

இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இருபது வருசமாக எனக்குள் சிரித்தும் வந்திருக்கிறேன். கடைசியில் ஒரு சொல் வரும். அதற்குத்தான் சிரிக்க ஏலாமல் இருக்கிறது... அது வரும்போது வரட்டும். நான் நாலாம் வகுப்பு. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் எங்கள் ஊர்க் கப்பல்தளத்தை விட்டுப் போய் நாலைந்து வருசம். எங்கள் ஒரே மகள் தவமணிக்குப் பன்னிரண்டு வயது. கணக்கில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்து ரீச்சர் வீடு தேடி வந்தா. இவளை இங்கே வைத்திருக்க வேண்டாம், யாழ்ப்பாணத்தில் விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, இடம் எடுத்துத் தருகிறேன் என்றா. பூரணம் மாட்டேன் என்றாள். தவம் போகப்போகிறேன் என்று குதித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் ஓம் என்று அர்த்தம். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கொண்டுபோய் விட்டேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது. மச்சாள் வாசித்தா.

'அம்மா, எனக்கு இங்கே இருக்க ஏலாது. நித்திரையிலும் லோஞ்சு ஊதுகிற சத்தம் கேட்கிறது. அப்பாவை வரச் சொல்லுங்கோ.'

பூரணம் சோற்றில் கை வைப்பதை விட்டாள். பிசைவாள், நாய்க்கு வைப்பாள். அந்த மாதம் கொழுத்தது நாய் மட்டும்தான்.

நான் மட்டும் என்ன? பகல் பயணம் ஒன்றில் மூதூர் இறங்குதுறையை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்விட்டேன். என்ஜின் குழிக்குள்ளிருந்து காசிம் காக்கா தலையை நீட்டினார். "என்ன தம்பி, இண்டைக்குக் கிண்ணியாவுக்கா போறம்?" என்றார். லோஞ்சு முழுக்கச் சிரித்தது. என் நெஞ்சுக்குள் அந்தக் கடிதம் கிடந்தது. யாருக்குத் தெரியும்!

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாய் தகப்பன் போய்ப் பார்க்கலாம். அனுராதபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். கையில் பூரணம் சுட்ட பயற்றம் பணியாரம், பாரைக் கருவாடு. மடியில் காசிம் காக்காவின் தயிர் முட்டி. கொரவப்பொத்தானையில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்தில் இருந்த பெரியவரின் வெள்ளை வேட்டி இன்னும் கொஞ்சம் வெள்ளையானது. அவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். மூதூர்த் தயிரோ என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு சண்டை இல்லை.

போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. பிள்ளை அழுதால் என்ன செய்வது? கூட்டிக்கொண்டு வந்துவிடுவதா? விட்டுவிட்டு வருவதா?

விடுதியில் கதிரை போட்ட அறை. தவம் வந்தாள். ஓடி வந்தாள். சிரிக்கிறாள்! கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டத்தில் தான் முதலாம் இடம் என்றாள். கணக்குக்கு முழுப் புள்ளி என்றாள். மிஞ்சிய தயிரை அங்கேயே முட்டியோடு குடித்தாள். நாய் எப்படி என்று கேட்டாள். காசிம் மாமா எப்படி என்று கேட்டாள். தாயைக் கேட்கவில்லை.

எனக்கு மனம் ஆறியது. கொஞ்சம் ஏமாற்றமும்தான்... ஒளிப்பானேன்?

நேரமானதும் எழுந்தேன். வாறன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். கடலில் தொழில் செய்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கயிற்றை அவிழ்த்துவிட்டால் கரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னாலிருந்து ஒருவரும் கூப்பிடுவதும் இல்லை. பார்த்தாலோ கூப்பிட்டாலோ பயணம் சரிவராது. தரையில் நடந்தாலும் எனக்கு அதேதான். கேற்றைத் தாண்டிப் பத்து அடி போனதும் குடை ஞாபகம் வந்தது. கதிரையில் விட்டுவிட்டேன். மழை தூறியது. நான் திரும்பவில்லை. நனைந்துகொண்டே ரயிலடிக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்தால், முதலில் சொன்னேனே, அவ்வளவு பேரும் காத்திருக்கிறார்கள்.

பூரணம் ஒன்றுதான் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை என்னைக் கேட்டவளே?"

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு மாதம் சாப்பிடாத முகம். கழுத்தெலும்பு தெரிகிறது. இல்லை, நாயைக் கேட்டாள் என்று சொல்லவா?

கேட்டாள் என்றேன். கேட்டு அழுதாள் என்றேன்.

பூரணமும் அழுதாள். நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போனாள். எட்டிப் பார்த்தேன். சோறு போட்டு, மீன் குழம்பு விட்டு, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்! நாய் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டது.

பொய்க்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதமும் போனேன். தவம் சிரித்தாள், குடையைத் தந்தாள். வீட்டுக்கு வந்து, அழுதாள் என்றேன். அதற்கடுத்த மாதமும். வெறும் அழுகை போதாமல் வந்தது. எப்படி அழுதாள், எவ்வளவு நேரம், எந்தக் கையால் துடைத்தாள் என்று பூரணம் கேட்பாள். நான் பேச்சுக் குறைந்தவன். சுக்கானைப் பிடித்துக்கொண்டு மகளின் அழுகையை யோசித்து வைக்க வேண்டியதாயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் சால்வையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதம் யோசிக்க மறந்துவிட்டேன். அந்த மாதம் விக்கல் எடுத்தது என்றேன்.

அழுகை கூடக் கூடப் பார்சலும் கூடியது. எள்ளுருண்டை, முறுக்கு, மாங்காய் ஊறுகாய். சுமந்தவன் நான். விடுதிப் பிள்ளைகள் எல்லாரும் தின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள். லோஞ்சில் முன்பின் தெரியாதவர்களும் கேட்டார்கள், பிள்ளை இன்னும் அழுகிறாவோ என்று. மச்சாளின் மகன் கொழும்பில் படித்தவன், ஒருநாளும் அழாதவன். அதில் மச்சாளுக்குக் கொஞ்சம் குறை. "அழுவாத புள்ளைக்கு வூட்டு நினைப்பு இல்லண்டுதான் அர்த்தம்," என்று காசிம் காக்கா வேறு சொல்லிவிட்டார். பூரணம் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடந்தாள்.

விடுமுறைக்குத் தவம் வந்தால் வீடெல்லாம் சிரிப்புத்தான். பூரணத்துக்கு அதுவும் சாட்சி. வீட்டில் இப்படிச் சிரிக்கிறவள் அங்கே அழாமல் என்ன செய்வாள்? நீ அழுகிறாயாமே என்று பிள்ளையையே கேட்டாள். தவம் தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்து ஒரு சொல் இல்லை. அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை, கெட்டிக்காரி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்!

ஒரு வருசம் போனது. பொய் வலை மாதிரி, என் காலிலேயே சுற்றியது.

இப்படி அழுகிற பிள்ளை நோயில் விழும் என்று மச்சாள் சொன்னா. பூரணம் ஒரே பிடி. போதும் படிப்பு, நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். உடுப்பு வைக்கப் பெட்டியும் எடுத்துவிட்டாள். நான் வாய் திறந்தால் ஒரு வருசப் பொய்யன். திறக்காவிட்டால் பிள்ளையின் படிப்பு முடிந்தது. நீங்கள் சொல்லுங்கள்... அவளைப் போய்ப் பார்த்துப் பார்த்து, அந்தச் சிரிப்பைக் கண்டவன் நான். அதை என் நாக்காலேயே அறுப்பதா?

பூரணம் ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. விடுதிக்குப் போனோம். அவள் குழாயடியில் முகம் கழுவினாள். தவம் அங்காலிருந்து வந்தாள், அதே சிரிப்போடு. நான் முன்னுக்குப் போய் அவள் காதுக்குள் சொன்னேன்.

"அம்மா வந்திருக்கிறா. கொஞ்சம் அழு, பிள்ளை. கனக்க வேண்டாம்."

தவம் என்னைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடித்தாள்.

அழுதாள். அப்பா! என்ன அழுகை! மற்றப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் பூரணத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினேன். லோஞ்சைக் கரைக்கு எடுக்கும்போது காசிம் காக்காவுக்குக் காட்டுவேனே, மெல்ல, மெல்ல என்று, அந்தக் கை. அவள் நிற்பாட்டவில்லை.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு தாயிடம் சொன்னாள்: "அழுவன் அம்மா. அழுதழுது படிப்பன். கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

பூரணம் வெறும் பெட்டியை என் கையில் தந்தாள். கேற்றைத் தாண்டியதும் பூரணம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் பழக்கம் இல்லை. ஐயோ, இன்னும் நின்று அழுகிறாள் என்றாள். நான் திரும்பாமல், காணும் பிள்ளை, இனி நிற்பாட்டு என்று மனதுக்குள் சொன்னேன். ரயிலில் எனக்குச் சிரிப்பு. நாலாம் வகுப்புப் படித்தவனுக்கு இப்படியொரு நடிகை!

அவள் ஆறு வருசம் படித்தாள். ரீச்சர் ஆனாள். மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சானில் படிப்பிக்கிறாள். அவளுக்கும் பத்து வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளையையும் தைமாதம் விடுதிக்கு அனுப்பப்போகிறார்கள்.

போன மாதம் நானும் தவமும் லோஞ்சில் மூதூருக்குப் போனோம். காலை வெயில். நான் இப்போது சும்மா பிரயாணி. பழைய கதையைச் சொல்லிச் சிரிக்க வாய் எடுத்தேன். என்ன நடிப்பு நடித்தாயடி பிள்ளை என்று சொல்ல இருந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"மகளை விடுதியில விட்டிட்டு எனக்கு உங்களை மாதிரி ஏலாதப்பா. தெரிஞ்சுகொண்டு தெரியாத மாதிரி இருக்க."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். முதல் கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே பயம் வந்துவிட்டதாம். அப்பா வந்து உண்மையாகவே கூட்டிக்கொண்டு போய்விட்டால்? படிக்கவும் ஆசை, வீட்டுக்கு வரவும் ஆசை. ஆகையால் நான் வருகிற நாளில் முகத்தைக் கழுவி, சிரிப்பைப் போட்டுக்கொண்டு வருவாளாம். அம்மாவின் பெயரைச் சொன்னால் சிரிப்பு உடைந்துவிடும் என்று நாயைக் கேட்பாளாம். அம்மாவின் கடிதங்களில் அழாதே, அழாதே என்று இருக்குமாம். அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாளாம், அப்பா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார் என்று.

"நீங்கள் திரும்பிப் பாக்காமல் போறது, நான் ஆறுதலா அழட்டும் எண்டுதானே. முதல் நாள் குடையைத் தூக்கிக்கொண்டு கேற்றடி மட்டும் ஓடி வந்தனான். கூப்பிடேல்லை. கூப்பிட்டா என்ர முகத்தைக் கண்டிருப்பியள்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா வந்த அண்டைக்கு நீங்கள் அழு எண்டு சொன்னியள். அண்டைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது," என்றாள். பிறகு கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்தானே அப்பா?"

தெரியாது. ஒன்றும் தெரியாது! நான் கண்டது சிரிப்பை. சொன்னது பொய்யை. திரும்பாதது லோஞ்சுக்காரன் பழக்கம்.

"ஓம்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூதூர் வரும்வரை விடவில்லை.

பூரணத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தவம் விக்கி விக்கி அழுத கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு நல்லாகச் சாப்பிடுகிறாள். பேத்தியை விடுதியில் விட நானும் வரவேண்டுமாம். அப்பாவுக்குத்தான் இதெல்லாம் விளங்கும் என்று தவம் எல்லாரிடமும் சொல்கிறாள்.

நேற்று உட்கார்ந்து எண்ணினேன். ஆறு வருசத்தில் அந்தக் கேற்றால் வெளிக்கிட்டு, ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல் நான் நடந்த நாட்கள்.

நாற்பத்தொன்று.