லோக் அ வாஹிக்குப் படகு வலிக்க ஆள் இல்லை

எங்கள் லூயிஸ் தீவின் ஏரிகளில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படகு வலிப்பவர் ஷோனாக் மெக்ஆஸ்கில். அந்த ஏரிகளுக்குச் சொந்தமான எஸ்டேட்டில் வேலை. அது போனால் மிஞ்சுவது பதினொரு ஆடுகள்தான்.

இந்த வசந்தத்தில் புதிய மேலாளர் ஃபேர்லி ஏரிகளுக்குப் புதுப் பெயர் வைத்து, ஒரு வரைபடத்தைக் கட்டுக்கட்டாக அச்சடித்து வந்தார். லோக் தூ, அதாவது கறுப்பு ஏரி, அதில் ‘வெள்ளி ஏரி’. காற்றின் ஏரி, ‘தேனிலவு ஏரி’. ஆள் மூழ்கிய ஏரியான லோக் அ வாஹி, ‘அன்ன ஏரி’.

“அங்க அன்னத்தை யாரு பார்த்தா?” என்றார் ஷோனாக்.

“ஆள் மூழ்கின ஏரின்னா எவன் வருவான்? இனிமே இந்தப் பேருதான். பிடிக்கலைன்னா வேற வேலை பாரு.”

ஜூனில் ஒரு காலை, இரண்டு விருந்தினர்கள் அந்த ஏரிக்கரையில் காத்திருந்தார்கள். ஷோனாக் மலையை ஒருமுறை பார்த்தார். குனிந்து, படகுக்குள் தண்ணீர் ஏறாமல் அடித்துளையை அடைக்கும் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என்ன பண்ற நீ?” ஃபேர்லி கத்தினார்.

“வடக்குக் காத்து. மலை இடுக்குல இறங்கி நடு ஏரியில படகைக் கவுத்துடும். மூணு அண்ணன் தம்பிங்க ஒரே மத்தியானத்துல போனாங்க. அதனாலதான் இந்தப் பேரு. நீ அன்னம்னு எழுதினது காத்துக்குத் தெரியுமா, தம்பி?”

விருந்தினர்கள் காருக்குத் திரும்பினார்கள்.

“வீட்டுக்குப் போ. வேலைக்கு வராதே” என்றார் ஃபேர்லி.

போனார், கட்டையோடு.

படகு வலிக்க ஆள் கேட்டு ஃபேர்லி ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். மேட்டு வீட்டு முருஹாக், “எந்த ஏரிக்கு?” என்றார்.

“அன்ன ஏரிக்கு.”

“அப்படி ஒண்ணு இங்க இல்லியே. தீவு மாறி வந்துட்டீங்களோ?”

தபால்காரி பெய்கி, “அந்த அன்னத்தையே வலிக்கச் சொல்லுங்க” என்று போனை வைத்தாள்.

பன்னிரண்டு நாள் படகு கரையிலேயே கிடந்தது. பதின்மூன்றாம் நாள் ஷோனாக் வீட்டில் போன் அடித்தது.

“எந்த ஏரிக்கு?”

ஃபேர்லி எழுத்துக் கூட்டினார். “லோக்... அ... வாஹி.”

“சரியா கேக்கல.”

“லோக் அ வாஹி!”

“காத்து எந்தப் பக்கம்?”

ஃபேர்லி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “தெற்கு.”

“வாரேன். கட்டை எங்கிட்டதான் இருக்கு. அந்த வரைபடத்தையெல்லாம் கட்டோட எடுத்துட்டு வா, டீ போட அடுப்புப் பத்த வைக்கணும்.”