இதைவிட வெரசா முடியாது

ஒரு வேலையை எவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது என்று கணக்குப் போடுவதுதான் என் சோலி. போடியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே, குவாண்டம் கணினியின் வேகத்துக்கு இயற்கை போட்டிருக்கும் வரம்பைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். “எப்ப முடிப்ப?” என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

ஜீப்பில் ஒரு விளக்கம்

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. சனிக்கிழமைகளில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் போவேன். ஒருநாள் வளைவில் லாரி ஒன்று மறித்து நின்றுவிட, மடியில் தாளை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்த செல்லம் அக்கா, பல வருசமாகக் காய் பறிப்பவர், என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். எவ்வளவு கெட்டிக்காரக் கணினியானாலும் கணக்கின் ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் வேண்டும், ஆற்றலைக் கூட்டிக் கொடுத்தால் அந்த நேரம் குறையும், ஆனால் ஒருபோதும் இல்லாமல் போகாது என்றேன். அவர் தன் விரல்களை ஒருதரம் மடக்கி நீட்டிப் பார்த்தார். “இதை ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடு ஆத்தா, எங்க சூப்பர்வைசர்ட்டக் காட்டணும்.”

மூன்று நாள்

ஐந்தாம் வருசம் ஒரு விடை வந்தது. கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் மிகச் சிறிய உறுப்பு. என் கணக்கில் அது, வரம்பு சொல்லும் நேரத்துக்கு முன்பே ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறிவிட்டது. நாலு தடவை சரிபார்த்தேன். மதுரையில் இருக்கும் என் நெறியாளருக்கு அனுப்பினேன். “பார்க்கிறேன்” என்பதற்கு மேல் பதில் எழுதாத மனிதர், அன்று “அருமை” என்று எழுதினார்.

நாலாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. கியூபிட்டின் ஆற்றல் சரி, அதை மாற்றுவதற்கு நாம் அனுப்புகிற மைக்ரோவேவ் துடிப்பின் ஆற்றலைச் சேர்த்தாயா என்று கேட்டார். சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால், விடை நல்ல பிள்ளையாக வரம்புக்குள் போய் நின்றுகொண்டது. இரண்டு அத்தியாயம் வீண். ஆசிரியர் அறையில் யாரும் இல்லாததால் அழ முடிந்தது. சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “மூணு நாள் எனக்கும் அது தெரியலையேம்மா. மூணு நாள் நானும் சந்தோசமாத்தான் இருந்தேன்.”

ஏல மையத்தில்

என் கணவர் முருகேசன் ஏலக்காய் வியாபாரி. அந்த மூன்று நாளில், என் வீட்டுக்காரி விஞ்ஞானத்தையே மாற்றிவிட்டாள் என்று ஏல மையத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவரே ஒவ்வொருவரிடமும் போய், கணக்குத் தப்பாகிவிட்டது, திரும்பப் போடுகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “ஒருத்தனுக்கும் மொதல்ல சொன்னதே புரியலை புள்ள, நீ சாப்பிடு.”

காரணம் என்ற கட்டம்

பல்கலைக்கழக அலுவலகத்தில் கால நீட்டிப்பு கேட்டுப் போனேன். படிவத்தில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். கணக்கில் பிழை என்று எழுதப்போனவளை அங்கிருந்த எழுத்தர் அம்மா தடுத்தார். அப்படி எழுதினால் மேலே நூறு கேள்வி கேட்பார்களாம். படிவத்தை வாங்கி, ‘குவாண்டம் கணினியின் வேக வரம்புகள்’ என்ற ஆய்வுத் தலைப்பை இரண்டு தரம் வாசித்தார். “இந்தத் தலைப்பையே காரணத்துலயும் எழுதிருங்க, சரியா இருக்கும்.”

ஏழாம் வருசம் பட்டம் வாங்கிவிட்டேன். இப்போது எல்லோரும் வேலை எப்போது நிரந்தரமாகும் என்று கேட்கிறார்கள், அதற்கு ஆகக்கூடிய குறைந்தபட்ச நேரத்தைச் சொல்லத்தான் சமன்பாடு எதுவும் கிடைக்கவில்லை.