பழசைக் கொடுத்தால்தான் புதுசு

எங்கள் வீட்டில் புதுச் சோப்பு வேண்டுமென்றால் பழைய சோப்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது, கையில் கொடுக்க வேண்டும். அண்ணி அந்தச் சில்லை வாங்கி, திருப்பி, விரலால் தடவிப் பார்த்து, "இது இன்னும் ஓடும், போ" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பற்பசைக்கும் அதே சட்டம்தான். தீர்ந்துபோச்சு என்று டியூபை நீட்டினால், கத்தரிக்கோலை எடுத்து நடுவில் ஒரு வெட்டு வெட்டுவாள். உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நமக்கே வெட்கமாகிவிடும்.

இது அவள் வேலை பார்க்கிற இடத்துப் பழக்கம். பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோர் அவள் பொறுப்பு. கம்பிவலைக்குப் பின்னால், கூரை வரைக்கும் நிற்கிற ரேக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். மெக்கானிக் தேய்ந்த பாகத்தைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தால்தான் புதுசு கிடைக்கும். அண்ணனும் அதே டிப்போவில் மெக்கானிக்தான். கல்யாணத்துக்கு முன்னால், ஃபேன் பெல்ட் கேட்டுப் போன அவனை "இன்னும் ஓடும்" என்று பலமுறை விரட்டியிருக்கிறாள். கடைசியில் ஒருநாள் பெல்ட்டை விட்டுவிட்டு அவளையே கேட்டுவிட்டான். "பழசு எதையும் கேக்காம அவ குடுத்தது சம்மதம் ஒண்ணுதான்" என்று அண்ணன் இன்றைக்கும் பீற்றிக்கொள்வான். "பழசு எதுவும் இல்லைன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சிட்டுத்தான் குடுத்தேன்" என்பாள் அண்ணி.

நான் அண்ணனின் தங்கை. செருப்புக் கடையில் வேலை. கல்யாணம் என்கிற சமாச்சாரம் எனக்கு ஒத்துவரவில்லை, அதனால் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். நாலாவது ஆள் அவர்களுடைய மகள். காலேஜுக்குப் போகிற வயதிலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். நான் சொல்லப்போவது அண்ணி தன் கண்ணை இழக்கவிருந்த கதை. பயப்படாதீர்கள், இழக்கவில்லை. இழந்திருந்தால் நான் இப்படிச் சாவகாசமாக உட்கார்ந்து சோப்பு, பற்பசை என்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

விலைவாசி தாறுமாறாக ஏற ஆரம்பித்ததும் அண்ணன் டிவியைப் பார்த்துத் திட்டினான். அண்ணி டிவியை அணைத்துவிட்டுச் சமையலறை அலமாரியை ஒழுங்குபண்ணினாள். பேக்கரியில் சும்மா தூக்கிப் போடுகிற தகர டப்பாக்களைக் கேட்டு வாங்கிவந்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். பாப்பாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள். உபயோகத்துக்கு ஒரு டப்பா, அதற்குப் பின்னால் கையிருப்பாக ஒரு டப்பா. புதிதாக வாங்குவது பின்னால் போகும், பழசு முன்னால் வரும். பால் விலை ஏறியதால் பால் பவுடர் மொத்தமாக வந்தது. சோப்புத் தூளும் மொத்தமாக வந்து தொட்டிக்குக் கீழே குடியேறியது. குடிதண்ணீர் கேன்கள், மெழுகுவர்த்தி, டார்ச், ஈரம் படாமல் கட்டிய தீப்பெட்டி, பணம் சேர்க்கிற அவசர டப்பா என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டு அங்குலம் தள்ளி வைத்தால் அன்றைக்கு நமக்குக் கச்சேரிதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இருட்டுப் பயிற்சி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள். ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் எதுவும் எரியாது.

"கரண்ட் போற அன்னைக்குத் தவிக்கக் கூடாது. பில்லும் குறையும்" என்பாள்.

ஆளுக்கொரு வேலை. நான் ஜன்னல்களைச் சாத்த வேண்டும், பாப்பா தீப்பெட்டி எடுக்க வேண்டும், அண்ணன் டார்ச் எடுக்க வேண்டும். அண்ணன் வாராவாரம் அதே ஸ்டூலில் முட்டியை இடித்துக்கொண்டு கத்துவான்.

"ஸ்டூல் போன வாரமும் அங்கதாங்க இருந்துச்சு. அது நடந்து வரல" என்று இருட்டுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வரும். குரல் வரும்போதே டீயும் வந்துவிடும். நாலு டம்ளர், ஒரு சொட்டு சிந்தாமல். "அம்மாவுக்குப் பூனைக் கண்ணு" என்று பாப்பா பெருமையாகச் சொல்லுவாள். நாங்களும் தலையாட்டினோம். எங்களை என்னவென்று சொல்வது!

இப்போது யோசித்தால் எல்லாம் புரிகிறது. கடையில் அண்ணி விலைச்சீட்டைக் கடைக்காரரிடமே நீட்டி, "எங்க, சத்தமா படிங்க" என்பாள். விற்கிற விலையை நினைத்து அந்த மனுஷன் நெளிவார். அவரை வெட்கப்பட வைக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நானும் ரசித்திருக்கிறேன். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள், பாத்திரம் தேய்த்த கை ஈரமாக இருக்கிறது என்பாள். பொழுது சாய்ந்தபிறகு வெளியே வரமாட்டாள், ஆட்டோக்காரர் காசு கூடுதலாகக் கேட்பார் என்பாள். சிக்கனத்தை வைத்து எதைத்தான் மூட முடியாது? நானோ நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்துச் சம்பாதிக்கிறவள். வீட்டில் ஒருத்தி கண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒருநாள் எனக்கு லீவு. தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்துகொண்டிருந்தது. சோப்புத் தூள் கட்டிதட்டிப் போய்விடுமே என்று அந்த டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தேன். அதற்கு இடம் பண்ண, பால் பவுடரை ஒரு தட்டு மேலே ஏற்றினேன். எல்லாவற்றிலும் எழுதித்தானே ஒட்டியிருக்கிறது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை சமையலறையில் வெயில் பளீரென்று அடித்தது. அண்ணிக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. டீ வந்தது.

"ஆகா! இன்னைக்கு என்ன, டீ இப்படி நுரை கட்டி நிக்குது? கடை டீ தோத்துது போ!" என்று அண்ணன் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆசையாக ஒரு மடக்கு இழுத்தான்.

அவன் முகம் போன போக்கை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். வாஷ்பேசினுக்கு ஓடினான். கொப்பளிக்கக் கொப்பளிக்க நுரை பெருகியது. மீசையிலிருந்து குமிழ் குமிழாகப் பறந்தது. பாப்பா சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் டப்பாவ யாரு மாத்தினது?" என்று அண்ணி கத்தினாள்.

"நான்தான் மாத்தினேன். குழாய் ஒழுகுச்சு" என்றேன். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு பெருசா சோப்புத் தூள்னு எழுதியிருக்கே அண்ணி. கண்ணு தெரியலையா?"

சண்டையில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அண்ணி கையை நீட்டி டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைத் தடவினாள். எழுத்து விரலுக்குத் தட்டுப்படுமா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. வேறொரு டப்பாவை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"கண்ணாடி போடலம்மா."

கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.

அதற்கப்புறம் மறைக்க வழியில்லை, எல்லாம் வெளியே வந்தது. போன வருஷம் டிப்போவில் கண் பரிசோதனை நடந்திருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தள்ளிப்போடலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். போடலாம், ஆனால் ரொம்ப நாள் வேண்டாம் என்றிருக்கிறார். முதல் பாதி மட்டும் இவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஆபரேஷன்னா சும்மாவா? அவசர டப்பாவுல இருக்கிற பணம் அவசரத்துக்கு. பாப்பா படிப்பு இருக்கு, அவரு முட்டி வலி இருக்கு."

"கண்ணு அவசரம் இல்லையா அண்ணி?"

"இன்னும் ஓடும்."

"ஓடாம நின்னுபோச்சுன்னா?"

"அதுக்குத்தானே ஒவ்வொண்ணையும் அதது இடத்துல வெச்சிருக்கேன். என் கண்ணு போனாலும் வீடு ஓடாம நிக்கக் கூடாது. வியாழக்கிழமை பயிற்சி யாருக்குன்னு நெனச்ச? உங்களுக்கா?" கொஞ்சம் நிறுத்தி, "ஸ்டோர்ல யார்கிட்டயும் சொல்லிடாத. வேற ஆளப் போட்டுருவாங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சோப்புத் தூளை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அழுகையும் சேர்ந்து வந்ததால் முடியவில்லை. கரண்ட் போனால் நாங்கள் தவிக்கக் கூடாது என்று பயிற்சி நடத்துகிறாள் என்று நம்பிக்கொண்டு, வாராவாரம் இருட்டில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். அவள் குருடாக இருக்கப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் கெஞ்சினேன், பாப்பா அழுதாள், எதுவும் பலிக்கவில்லை. பாப்பா படிப்பு முடியட்டும் என்பதிலேயே நின்றாள். அண்ணன் மட்டும் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. சோப்பின் வேலை என்று நினைத்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்தவன் ஒரு துணி மூட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவிழ்த்தான். உள்ளே இரண்டு பேரிங், பஸ் சக்கரத்துக்குள் சுழல்கிற இரும்பு வளையங்கள்.

"இதுல எது புதுசு, எது தேஞ்சது? சொல்லு" என்றான்.

"இது ஒரு கேள்வியா?" என்று அண்ணி கையை நீட்டினாள். ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாம சொல்லு."

அண்ணி குனிந்தாள். இன்னும் குனிந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்று கறுத்து, கோடு விழுந்து, ஓரம் சிதைந்து கிடந்தது. மற்றது பளபளவென்று இருந்தது. செருப்பு மட்டுமே தெரிந்த எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது. பாப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலங்க" என்றாள் அண்ணி.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் கையை விட்டான். தேய்ந்த பேரிங்கை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் பழக்கத்தில் அதைச் சுற்றினாள். கரகரவென்று சத்தம் வந்தது.

"இத ஒருத்தன் உன் கவுன்டருக்குக் கொண்டுவந்தா என்ன சொல்லுவ?"

அண்ணி அதை இன்னொரு தடவை சுற்றினாள். "இது ஓடாது, மாத்திக்கோன்னு சொல்லுவேன்."

"அப்ப?"

அண்ணி பேரிங்கை மேசையில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "சரி. ஆனா ஒண்ணு. இப்ப ஒரு கண்ணு மட்டும். இன்னொண்ணு கையிருப்புல இருக்கட்டும்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், கண் டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாள். "முதல்ல ஒரு கண்ணுதாம்மா செய்வோம். அது நல்லா ஆனதும் இன்னொண்ணு." அண்ணி எங்கள் மூன்று பேரையும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முகம் தெரியாவிட்டாலும் நாங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"மங்கிப்போன பழைய லென்ஸை எடுத்துட்டுப் புது லென்ஸ் வைப்போம்."

"பழசை எடுத்துட்டுத்தான் புதுசா?"

"ஆமா. பழசை எடுக்காம எப்படிம்மா புதுசு வைக்கிறது?"

அண்ணி என் காதருகே சாய்ந்து, "இந்த ஆஸ்பத்திரி ஒழுங்கா நடக்குது" என்றாள்.

டிப்போ காப்பீட்டில் பாதியும் அவசர டப்பாவில் மீதியுமாகச் செலவைச் சமாளித்தோம். உள்ளே கூட்டிப்போகிறபோதும், எந்தத் தட்டில் எந்த டப்பா என்று பாப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டேதான் போனாள். கதவு சாத்தியதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்து, எண்ணெழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை படிக்க வைத்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டோரிலும் அவள் பயந்த மாதிரி யாரும் வேறு ஆளைப் போடவில்லை. லீவு முடிந்து எப்போது வருவாள் என்றுதான் மேனேஜர் அண்ணனை நச்சரித்தார்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அன்று வியாழக்கிழமை. அண்ணன் பழக்க தோஷத்தில் மெயின் சுவிட்சுக்குப் போனான்.

"இருங்க" என்றாள் அண்ணி. "எல்லா லைட்டையும் போடுங்க."

"எல்லாமா?"

"எல்லாம். பாத்ரூம் லைட்டும்."

பாப்பா வீடு முழுக்க ஓடி ஓடிப் போட்டாள். அண்ணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இந்தச் சுவரு மஞ்சள்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். வெள்ளையா?" மேலே பார்த்தாள். "ஒட்டடை இவ்வளவு தொங்குது, ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலையா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். கேட்க வேண்டியவள்தான். அப்புறம் அண்ணனிடம் போனாள். "உங்களுக்கு எப்ப இப்படி நரைச்சுது?"

"சோப்பு டீ குடிச்சேன் பாரு, அன்னைக்கு வெளுத்தது."

பாப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதோரத்து மச்சத்தைத் தேடிப்பிடித்து, "இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசியாக என் முன்னால் வந்து நின்றாள். "நீ கண்ணுக்கு மை போடுறியா? எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா, அண்ணி" என்றேன்.

அவள் என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பழைய குரலுக்குத் திரும்பினாள். "சரி, பார்த்தாச்சு. கரண்ட் என்ன சும்மாவா வருது? அணைங்க."

அண்ணன் சுவிட்சுப் பக்கம் நகரவில்லை. அந்த ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீ எங்களப் பார்த்துட்ட. நாங்க இன்னும் உன்னப் பார்க்கல. கொஞ்சம் இரு" என்றான்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவளே மெல்லத் திரும்பினாள். அன்றைக்கு இருட்டுப் பயிற்சி நடக்கவில்லை.