தமிழில் ஒரு தரம் அலசிய சொற்கள்: ஷமீமா அக்காவுக்கு

பள்ளி விட்டு வந்தபோது ஷமீமா அக்காவின் அறைக் கதவு திறந்திருந்தது. மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அம்மா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் திரும்பி வருவதற்காகத்தான் கழுவுகிறார் என்று நினைத்தேன். அம்மா நிமிராமல், "பையை வெச்சிட்டுக் கை கால் கழுவு" என்றார். பிறகு துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் செய்தி வந்தது அப்படித்தான்.

இதைக் கேட்கப்போகும் நீங்கள் அவருடன் வேலை செய்தவர்கள். உங்களில் சுகுணா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க, ஷமீமா அக்கா குடியிருந்த வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் வேண்டும், தமிழிலேயே இருக்கட்டும், காரைக்காலிலிருந்து அவருடைய உம்மாவும் போனில் கேட்பார் என்றார். அப்பா என்னை எழுதச் சொன்னார். "நல்லவங்க, அமைதியானவங்கன்னு எழுது. காய்ச்சல் கதையெல்லாம் வேணாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்னு ஒரு வரி போதும்." அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா படித்துத் தலையாட்டினார்.

இது வேறு பக்கம். அப்பா இரவுக் காவல் வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா தூங்குகிறார். வெளியே யாராவது நடந்தால் தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் தள்ளிவிடுகிறேன். உடனே கொண்டு போனோம் என்பது உண்மையில்லை. அதை அக்காவின் உம்மாவிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் என் பயம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுடையது அரசாங்க வாடகை வீடு. உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது. தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று அப்பா எப்போதும் சொல்வார். அக்காவை யாராவது கேட்டால் அம்மாவின் தூரத்துச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். தலையில் துணி போட்ட சொந்தத்தைப் பார்த்து மூன்றாம் மாடி ஆன்டி சிரிப்பார். ஆனால் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா வந்த முதல் வாரத்தில் எங்களுக்குள் பேச்சே இல்லை. வேலை முடிந்து வருவார், சலாம் சொல்வது போலத் தலையை அசைப்பார், அறைக்குள் போய்விடுவார். ஒருநாள் நான் நன்னெறிக் கல்விப் பரீட்சைக்கு ஹாலில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கருணை, பொறுப்பு, நேர்மை, ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு விளக்கம். ஒரு சொல் மாறினாலும் மார்க் போய்விடும். அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னா புள்ள?"

"மோரல் லா அக்கா. அப்படியே எழுதணும்."

புத்தகத்தை வாங்கிப் புரட்டியவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நான் பகல் பூரா செய்யறதும் இதேதான்" என்றார். ஐரோப்பாவில் பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒழுக்கக் கையேடுகளும், அங்கே வேலை செய்பவர்கள் எழுதி அனுப்பும் புகார்களும் கோலாலம்பூருக்கு வருகின்றன, அவற்றை பிரெஞ்சிலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் தன் வேலை என்று அப்போதுதான் சொன்னார். பிரெஞ்சு சிறு வயதிலேயே காரைக்காலில் வந்ததாம். ஜெர்மன் சென்னையில் படித்தது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நாலு பாஷை தெரியும், சோறு வடிக்கத் தெரியாது" என்று கிண்டல் செய்தார். அது உண்மைதான். அன்றிலிருந்து அம்மா எங்களோடு அவருக்கும் சேர்த்துச் சமைத்தார். கோழியை ஹலால் கடையில் வாங்க ஆரம்பித்தார்.

யாருடைய புகார், எந்த ஊர் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லை மட்டும் கொண்டு வருவார். ஒரு சொல் இரண்டு ஐரோப்பிய மொழிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், அடுப்படி வாசலில் வந்து நிற்பார். "தமிழ்ல ஒரு தரம் அலசிப் பாக்கறேன்" என்பார். அலசுவதற்கு நான். நடந்ததை ஊர் பேரில்லாமல் சொல்லிவிட்டு, "இது உனக்கு நடந்தா வீட்டுல வந்து அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவே?" என்று கேட்பார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் ஆங்கிலத்தில் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதுவார். அம்மா, "இவளக் கேட்டா எழுதறீங்க? கம்பெனி கவுந்திடும் லா" என்பார்.

தீபாவளிக்கு முன்பு கிள்ளானில் துணி எடுக்கப் போனபோது அக்காவும் வந்தார். கொமுட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். அவசரத்தில் ஒரு பையன் தெரியாமல் எங்கள் பெட்டியில் ஏறிவிட்டான். கதவு மூடிய பிறகுதான் சுற்றிப் பார்த்தான். யாரும் திட்டவில்லை. ஒரு மலாய் அம்மா, பரவாயில்லை தம்பி, அடுத்ததில் இறங்கு என்று மலாயில் சொன்னார். ஆனாலும் அவன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவுக் கண்ணாடியையே பார்த்து நின்றான். "பாவம், கூச்சப்படறாரு" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னா சொன்னே? கூச்சம்! நாலு நாளா இதத்தான் புள்ள தேடறேன்."

பிரெஞ்சில் 'ப்யுதர்' என்று ஒரு சொல் இருக்கிறதாம். ஒரு தொழிற்சாலையில் பெண்கள் உடை மாற்றும் அறைக்குக் கதவு இல்லை. ஆண்கள் அந்த வழியாகப் போகிறார்கள். அங்கே வேலை செய்யும் ஒருவர், என் ப்யுதர் புண்பட்டது என்று எழுதியிருக்கிறார். "இங்கிலீஷ்ல வெக்கம்னு போட்டா அந்தம்மா ஏதோ தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும். அடக்கம்னு போட்டா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடும். கூச்சம்தான் சரி. ஆனா எங்க ஆபீஸ்ல தமிழ்ல யாரும் கேக்க மாட்டாங்களே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கிள்ளான் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். முடிவில் என்ன எழுதினீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "ஒரு சொல்லுக்கு ஒரு முழு வரி எழுதிட்டேன். நீளம்னு திட்டுனாங்க" என்றார்.

அவர் கோபமாக வந்தது ஒரே ஒருநாள்தான். ஜெர்மன் கையேட்டில் ஒரு சொல். நான் எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் வாயில் நுழையவில்லை: 'உன்ஃபெர்ட்ஸ்யூக்லிஷ்'. வேலையிடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் மேலிடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சொல் அது. மேலாளர் ஆங்கிலத்தில் 'முடிந்தவரை சீக்கிரம்' என்று போடச் சொன்னாராம். அக்கா மறுத்தார். அப்படியானால் 'உடனே' என்று போடுங்கள் என்றாராம். அக்கா அதையும் மறுத்தார்.

"ஏன் அக்கா, உடனேதானே?"

"இல்ல. ரத்தம் வர்றத நிறுத்திட்டு அப்புறம் போன் பண்றவன் உடனே பண்ணல. ஆனா அவன் மேல குத்தமில்ல. முடிஞ்சப்பன்னு சொன்னா எல்லாத் தாமதமும் நியாயமாயிடும். ஜெர்மன்காரன் கேக்கறது வேற. நீ தாமதிச்சதுல உன் குத்தம் இருக்கான்னு கேக்கறான்."

அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு யாரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அப்படிச் சொன்னார். அதோடு, "பட்டவங்க சொன்னது குறையவும் கூடாது, கூடவும் கூடாது, அவ்வளவுதான் என் வேலை" என்றும் சொன்னார்.

இனி அந்த நாட்களைப் பற்றி.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. கீழே இருக்கும் கிளினிக்கில் ரத்தம் எடுத்து, டெங்கியாக இருக்கலாம், தினமும் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் போனார். சனிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. எங்களுக்கெல்லாம் நிம்மதி. அம்மா கஞ்சி வைத்தார். இனி ரத்தம் பார்க்க வேண்டாம் என்று அக்காவே சொன்னார். காய்ச்சல் விடும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பிறகு ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

இருட்டிய பிறகு வயிறு வலிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். எழுந்து உட்கார முடியவில்லை. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அம்மா வேலையிலிருந்த அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடட்டாங்க?"

"ஐயோ வேணாம். ஆம்புலன்ஸ் வந்தா பிளாக்கே எறங்கி வந்து நிக்கும். யாரு, எப்ப வந்தாங்கன்னு கேப்பாங்க. விடிஞ்சதும் நானே வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"ரொம்ப முடியாம இருக்காங்க."

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே. பயப்படாத."

அக்காவும் அதைக் கேட்டார். "பரவால்ல அண்ணி, காலையில போலாம்" என்றார். குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். ஆனால் நான் மறுபடியும், "கூப்பிடலாம்மா" என்றேன். அம்மா, "அப்பா சொல்லிட்டாருல்ல" என்றார்.

அம்மா போய்ப் படுத்த பிறகு நான் தலையணையை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் பேச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை. முழுக்க பிரெஞ்சு. நடுவில் ஜெர்மனாகவும் இருந்திருக்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏதோ கேட்டார். பதில் வராததால் மறுபடியும் கேட்டார். "அக்கா, தமிழ்ல சொல்லுங்க" என்றேன். என்னைப் பார்த்தார். ஆனால் அதே மொழியில்தான் திரும்பவும் கேட்டார். ஊரார் புகாரையெல்லாம் புரியவைத்தவர், அன்று என்ன கேட்டார் என்று சொல்ல ஆளில்லை. எனக்குப் புரிந்தது ஒரே சொல், உம்மா. அதைச் சொல்லும்போதெல்லாம் நான் கையைப் பிடித்தேன்.

விடிந்ததும் அப்பா வந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடக்கம் இங்கேதான் நடந்தது. வர முடியாத அக்காவின் உம்மா போனில் பார்த்தார். பிறகு அப்பாவிடம் பேசினார். "எம் புள்ளைக்குப் பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டார். அப்பா, "நாங்க எல்லாருமே இருந்தோம்மா. உடனே கொண்டு போயிட்டோம்" என்றார். அந்த உம்மா அப்பாவை வாழ்த்தினார். அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தார்.

அக்காவின் பொருட்களைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டோம். அறை காலியாக இருக்கிறது. பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னால், இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வேன் என்று இப்போதும் தமிழில் அலசிப் பார்க்கிறேன். கேட்க வாசலில் ஆள் இல்லை.

என்னிடம் மிச்சம் இருப்பது அவர் வேலை செய்த விதம் ஒன்றுதான். ஒரு புகாரை மொழிபெயர்த்து முடித்ததும் இரண்டு ஆளாக இருந்து படிப்பார். முதலில் பட்டவராக. அப்புறம், செய்தவராக. "அவனும் படிச்சிட்டு, ஆமா, நான் செஞ்சது இதுதான், இதுக்கு மேல இல்லன்னு சொல்லணும்" என்பார். இந்தப் பக்கத்தை நான் முதலில் அக்காவின் உம்மாவாகப் படித்தேன். பிறகு அப்பாவாகப் படித்தேன். அப்போது இரண்டு வரிகளை அடித்தேன். அவற்றில் அப்பாவுக்கு மனசே இல்லை என்று எழுதியிருந்தேன். சீருடையோடு தூக்கிக்கொண்டு போனதைச் சேர்த்தேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அவர் சொன்னதை அடிக்கவில்லை.

காலையில் வேலை முடிந்து வரும்போது இதை முதலில் அப்பாவிடம்தான் கொடுப்பேன். அவருக்குத் தெரியாமல் கூட்டத்தில் வாசிக்க மாட்டேன். கிழித்துப் போட்டால் மறுபடியும் எழுதுவேன். எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. என்னை அடித்தாலும் அடிப்பார். வீடு போனாலும் போகும்.

பெயர் போடாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பெயர் போடாத புகார்களை அக்கா ஒருநாளும் மட்டமாகப் பேசியதில்லை. பயப்படுகிறவர்களுக்கும் வாய் வேண்டும் என்பார். ஆனால் அவருடைய உம்மா கேட்டது, பக்கத்தில் யார் இருந்தார் என்று. எல்லோரும் என்பது அதற்குப் பதில் இல்லை.

நான் இருந்தேன், உம்மா. அவர் உங்களைத்தான் கூப்பிட்டார். என் பெயர் தர்ஷினி.