பட்டியலில் இல்லாத இடம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா கணவர் விரித்துப் பிடித்திருந்த பட்டுப்புடவையின் பின்பக்கம். முந்தின நாள்தான் தறியிலிருந்து அறுத்திருந்தார். ஒரு முழம் பார்ப்பார், நகர்த்துவார், அடுத்த முழத்துக்குப் போவார்.

அவர் மகள் தரையில் உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. தலசீமியா என்ற பிறவி ரத்த நோய். குழந்தையிலிருந்தே சில வாரங்களுக்கு ஒருமுறை வேலூருக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்கிறாள். ரத்தம் உண்டாக்கும் செல்களை வெளியே எடுத்து, மரபணுவில் ஓரிடத்தை வெட்டித் திருத்தி, மறுபடி உடலில் செலுத்தும் சோதனைச் சிகிச்சை ஒன்று இருப்பதாக என் கல்லூரி நண்பன் சொன்னான். அந்த ஆய்வுக்கூடத்தில் அவன் மூத்த விஞ்ஞானி. படிவத்தைத் தமிழாக்கச் சொல்லி எனக்கு அனுப்பியதும் அவன்தான். பத்திரிகையில் பிறர் வாக்கியங்களைத் திருத்தியே வயிறு வளர்த்தவன் நான். இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தேன்.

"திருத்திய இடம் தவிர வேறெங்கும் மாற்றம் காணப்படவில்லை" என்ற வரியை அவள் சத்தமாகப் படித்தாள்.

"எங்கெங்க பார்த்தாங்களாம், மச்சான்?" என்றார் அக்கா கணவர்.

"எல்லா எடத்துலயும் பார்த்திருப்பாங்க, மாமா."

"இருப்பாங்களா? பேப்பர்காரர் பேசுற பேச்சா இது?" புடவையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "இழை அறுந்து நான் முடிச்சு போட்ட எடம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம போனது எங்கன்னுதான் முழுசையும் பார்த்துகினு இருக்கேன்."

வாசலுக்கு வந்து நண்பனை அழைத்தேன். அதே கேள்வியைக் கேட்டேன்.

"தப்பா எங்க வெட்டு விழலாம்னு கம்ப்யூட்டர் ஒரு லிஸ்ட் கொடுக்கும்டா. அந்த இடமெல்லாம் பார்த்தோம். சுத்தம்."

"லிஸ்ட்ல இல்லாத இடம்?"

போனில் அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"பின்னாடி ஒரு தடவை மொத்த மரபணுவையும் படிச்சுப் பார்த்தோம். ஒரு இடத்துல வெட்டு இருந்தது. அதனால என்ன ஆகும்னு இன்னும் தெரியல. ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

"எனக்கு அனுப்பின இங்கிலீஷ்ல அது இல்லையே."

"உனக்காகச் சுருக்கினேன். நீதானடா சொல்வ, முதல் வரியில 'ஆனால்' வரக்கூடாதுன்னு." சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "நீ எழுதினா அவங்க கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

தமிழாக்க ஆட்கள் அவன் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு. அக்கா மகளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

உள்ளே வந்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கணவர் புடவையை மடிக்கத் தொடங்கினார்.

"கையெழுத்து போட்டா இனி ரத்தம் ஏத்த அலைய வேணாம், ஹாஸ்டல்ல சேர்ந்து படிக்கலாம்னு இருந்தேன்" என்றாள் அவர் மகள். பேனாவை மூடினாள். "நீங்க எழுதினதுன்னுதான் மாமா நம்பினேன்."

படிவத்தை வாங்கி, அந்த வரியை அடித்தேன்.

ஒன்பதரை மணி பஸ்ஸில் அவளும் அக்காவும் வேலூர் போனார்கள். அன்று ரத்தம் ஏற்றும் நாள்.